இணையவழித் திரள்நிதியும் ஊர்ப் பொதுக் காரியங்களும்

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. ஏரிக்கரை உடைந்தால் வீட்டிற்கோர் ஆள் மண்வெட்டியுடன் புறப்படுவதும், திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதும், திருமண வீட்டில் மொய் எழுதுவதும் நம் கிராமங்களில் தொன்றுதொட்டு நடைபெற்று வருவன. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோதும், அரசின் பணத்தோடு மக்களின் பங்கும் சேரவேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக விளங்கிற்று. பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ அப்பங்கு அமையலாம் என்று வகுக்கப்பட்டிருந்தது.

அன்று பங்களித்தவர் ஊரிலேயே இருந்தார். அவர் கொடுத்த செங்கல் எந்தச் சுவரில் ஏறிற்று என்பதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். இன்றோ நிலைமை வேறு. ஊரின் மைந்தர்களும் மகளிரும் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் பணிபுரிகின்றனர். ஊர்ச் செய்தியைக் கைபேசிக் குழுக்களின் வழியாக அறிந்துகொள்ளும் அவர்கள், ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்று விரும்பிப் பணமும் அனுப்புகின்றனர். ஊரையே பார்த்திராதவர்கள்கூட, ஒரு நற்காரியத்தைக் கேள்வியுற்றுத் தம்மால் இயன்றதை அளிக்கின்றனர். இவ்வாறு பலர் இணையத்தின் வழியே சிறுசிறு தொகைகளை அளித்து ஒரு காரியத்தை நிறைவேற்றுவதையே திரள்நிதி என்கிறோம். இதன் தன்மை யாது, இதனால் விளையும் நன்மை யாது, இதில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கருத்தில் கொள்ளவேண்டியவை யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இணையத்திற்கு முன்பே இருந்த முறை

பலரிடம் சிறுதொகை திரட்டும் முறை இணையத்தால் பிறந்ததன்று. அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவியின் சிலையை நம்மில் பலர் படத்தில் கண்டிருப்போம். பிரெஞ்சு மக்களின் அன்பளிப்பாக வந்த அச்சிலையை நிறுத்துவதற்குரிய பீடத்தைக் கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. 1885-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜோசப் புலிட்சர் என்னும் பத்திரிகாசிரியர் தம் நாளிதழில் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். எத்துணைச் சிறிய தொகையாயினும் அதை அளித்தவரின் பெயர் நாளிதழில் அச்சாகும் என்று அவர் உறுதி கூறினார். ஐந்து மாதங்களுக்குள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதை அளித்தவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பலர் ஒரு டாலருக்கும் குறைவாகவே கொடுத்தவர்கள். பணம் வந்தது வேண்டுகோளினால் மட்டுமன்று. கொடுத்தவரின் பெயரும் தொகையும் பலரறிய வெளிவந்ததனாலும் வந்தது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படம் பால் கூட்டுறவு இயக்கத்தின் கதையைக் கூறுவது. ஷியாம் பெனகல் அதை இயக்கினார். குஜராத் மாநிலப் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஐந்து லட்சம் உற்பத்தியாளர்கள், ஆளுக்கு 2 ரூபாய் அளித்து அப்படத்தைத் தயாரித்தார்கள். ஐந்து லட்சம் பேர் இரண்டு ரூபாய் அளித்தால் பத்து லட்சம் ரூபாய் ஆகிறது. மாடு வளர்க்கும் குடியானவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமாக்கிக்கொண்ட அந்நிகழ்ச்சி உலகத்தாரின் கவனத்தைக் கவர்ந்தது. புதுப்பிக்கப்பட்ட அப்படம் 2024-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் மீண்டும் திரையிடப்பெற்றது. கலைப் படைப்பு என்பது செல்வந்தர் மட்டுமே பேணத்தக்கது என்ற எண்ணத்தை அவ்விரண்டு ரூபாய் மாற்றிவிட்டது. சங்கம் என்ற அமைப்பும், ஒழுங்கான கணக்கும் அங்கே முன்னரே இருந்தமையால் அக்காரியம் எளிதில் கைகூடிற்று.

இணையம் செய்த மாறுதல்

சங்கமாக அமையாதவர்களையும், ஒருவரையொருவர் அறியாதவர்களையும் ஒரு காரியத்திற்காக ஒன்றுசேர்க்க இயலும் என்பதே இணையம் செய்த மாறுதல். ஆனால் அறியாதவரிடம் பணம் கொடுப்பது எப்படி? இவ்வினாவிற்கு வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. அவற்றுள் மூன்றினைக் காண்போம்.

முதலாவது, 2009-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற கிக்ஸ்டார்ட்டர் என்னும் அமைப்பு. நூல், இசை, திரைப்படம், புதிய கருவிகள் போன்ற படைப்பு முயற்சிகளுக்கு இதன் வழியே பணம் திரட்டுகின்றனர். முயற்சியை மேற்கொள்பவர் தமக்கு வேண்டிய தொகையையும், அதற்குரிய கெடுவையும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். கெடுவிற்குள் முழுத்தொகையும் உறுதி செய்யப்பட்டால்தான் கொடுப்பவர்களிடமிருந்து பணம் எடுக்கப்படும். இலக்கை எட்டாவிட்டால் எவரிடமிருந்தும் ஒரு காசும் எடுக்கப்படாது. பாதிப் பணத்தில் பாதிக் கிணறு தோண்டி, நீர் காணாமல் விட்டுவிடும் நிலைமையை இவ்விதி தடுக்கின்றது.

இரண்டாவது, அதே 2009-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தோன்றிய ஆசம் பவுண்டேஷன் என்னும் அமைப்பு. பத்துப் பேர் கூடி, மாதந்தோறும் ஆளுக்கு 100 டாலர் எடுத்து வைக்கிறார்கள். சேரும் 1,000 டாலரை, விண்ணப்பித்தோருள் ஒருவருக்கு வழங்குகின்றனர். அது கடனுமன்று, பங்குமன்று. அவர்கள் முதன்முதலில் உதவிய முயற்சி, பொது இடத்தில் பலர் ஒன்றாகச் சாய்ந்து இளைப்பாறத்தக்க பெரியதொரு வலைத்தொட்டில் அமைப்பதாகும். பின்னர் பல நாடுகளின் நகரங்களிலும் இத்தகைய பதின்மர் குழுக்கள் தோன்றின. நம் ஊர்களில் சீட்டுக் கட்டத் தெரியாதவர் இல்லை. சீட்டின் ஒழுங்கோடு, எடுப்பவர் திருப்பித் தரவேண்டுவதில்லை என்னும் தர்மத்தையும் சேர்த்தால், அதுவே இம்முறை.

மூன்றாவது, விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய இதற்குத் தமிழ்ப் பதிப்பு 2003-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இதில் எழுதுவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். விளம்பரம் ஏதுமின்றி, படிப்போர் அளிக்கும் சிறுதொகைகளையே பெரிதும் கொண்டு இது நடைபெறுகின்றது. இதை நிர்வகிக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை, அவ்வாறு சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைப் பல நாட்டுத் தொண்டர் குழுக்களின் முயற்சிகளுக்கு உதவித்தொகையாக அளிக்கின்றது. உதவி கோரும் விண்ணப்பம் எவரும் படிக்குமாறு வெளியிடப்படும். காரியம் முடிந்தபின் அதன் அறிக்கையும் அவ்வாறே வெளியாகும். எந்தக் காரியத்திற்கு, எவ்வளவு, என்ன பயன் என்பவை மறைவின்றி இருப்பதே அங்கு நம்பிக்கைக்கு ஆதாரம்.

தமிழர் கண்ட பயன்

தமிழ் மக்களும் இவ்வகையில் அரிய காரியங்களைச் செய்துள்ளனர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஓர் இருக்கை அமைப்பதற்கு 60 லட்சம் டாலர் வைப்புநிதியாகத் தேவைப்பட்டது. அங்கு வாழும் தமிழர் சிலரின் பெருங்கொடையுடன் தொடங்கிய அம்முயற்சிக்குப் பல நாட்டுத் தமிழர்களும் சிறிதும் பெரிதுமாகப் பொருள் வழங்கினர். தமிழ்நாடு அரசு 2017-ஆம் ஆண்டில் 10 கோடி ரூபாய் அறிவித்தது. 2018-ஆம் ஆண்டில் இலக்கு நிறைவெய்திற்று. பள்ளிப் பிள்ளைகள் சேமித்த பணமும், அரசின் கோடிகளும் ஒரே கணக்கில் சேரக்கூடும் என்பதற்கு இது சான்று.

விவசாயப் பெருமக்களுக்கு இன்னும் அணுக்கமான சான்று தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியில் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீசிய கஜா புயல் அப்பகுதியின் தென்னந்தோப்புகளை அழித்துச் சென்றது. அதன்பின் அங்குள்ள இளைஞர்கள் ஒன்றுகூடிக் கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கத்தை அமைத்தனர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரும் பணியை அவர்கள் மேற்கொண்டனர். உள்ளூரார் அளித்ததோடு, சமூக வலைத்தளங்களின் வாயிலாகச் செய்தி அறிந்த வெளியூராரும் பொருளுதவி செய்தனர். கடைமடைக்கு நீர் வருவதே அரிது. வந்த நீரைத் தேக்கி வைக்கும் குளமும் தூர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை அப்பகுதி விவசாயிகளுக்கு எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அவர்களுடைய தேவை உண்மையானதாகவும், செய்யும் வேலை அனைவரும் காணத்தக்கதாகவும் இருந்தமையாலேயே, காணாத ஊர்க்காரரும் கை கொடுத்தார்கள்.

நம்பிக்கை என்னும் முதல்

இனி, மறுபுறத்தையும் காண்போம். நாம் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், ஒரு கிராமத்து இளைஞர்கள் தங்கள் ஊர் ஏரியின் கரையைப் பலப்படுத்த இணையத்தின் வழியே பணம் திரட்டினார்கள். அவர்களுடைய எண்ணம் தூயதென்பதில் எவருக்கும் ஐயமில்லை. சில வாரங்களிலேயே கணிசமான தொகை சேர்ந்தது. ஆனால் அவ்வேரி எத்துறையின் பொறுப்பில் உள்ளது என்பதை அவர்கள் முன்னதாக விசாரிக்கவில்லை. அனுமதி பெறுவதற்குள் பருவமழை தொடங்கிவிட்டது. பணமோ ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் தங்கிற்று. மழை நின்றபின், “பணம் எங்கே?” என்ற கேள்வி எழுந்தது. கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆயினும் அதைக் காட்டுவதற்குரிய ஏற்பாடு எதுவும் இல்லாமையால், நண்பர்கள் இரு கட்சியாயினர். மறு ஆண்டு அவ்வூர்ப் பள்ளிக்கு நூலகம் அமைக்க உதவி கோரியபோது, முன்னர் மனமுவந்து கொடுத்தவர்களுள் பலர் வாய் திறக்கவில்லை. இழப்பு எய்தியவர்கள் ஏரியைப் பற்றி ஏதும் அறியாத பள்ளிப் பிள்ளைகளே.

ஊருக்குள் வரி வசூலிக்கும்போது, கணக்கு எழுதாவிட்டாலும் அக்கம்பக்கத்தாரின் கண்கள் காவலாக நிற்கின்றன. இணையத்தில் அக்காவல் இல்லை. அக்கண்களின் இடத்தில் விதியையும் கணக்கையும் நிறுத்தவேண்டும். திரள்நிதியைப் பற்றி நாம் கூற விரும்பும் தலையாய கருத்து இதுவே. பணம் செலவானால் மீண்டும் திரட்டலாம். நம்பிக்கை செலவானால் அதைத் திரட்டுதல் எளிதன்று.

செய்யவேண்டியவை

ஊர்ப் பொதுக் காரியத்திற்குத் திரள்நிதி பெற விரும்புவோர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. காரியத்தை வரையறுத்தல். “ஏரியைச் சீர்திருத்துதல்” என்பது போதாது. எந்த மதகு, எவ்வளவு நீளக் கரை, எத்தனை நாள் வேலை என்று தெளிவாக வரையறுத்து, பொறியாளரைக் கொண்டு மதிப்பீடு தயாரித்துக்கொள்ளவேண்டும்.

2. உரிமையையும் அனுமதியையும் அறிதல். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. பணம் கேட்பதற்கு முன்பே உரியவரிடம் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்றுவிடவேண்டும்.

3. கிராம சபையில் தீர்மானம். காரியத்தைக் கிராம சபையில் எடுத்துரைத்து ஒப்புதல் பெறுவதோடு, கணக்கை மேற்பார்வையிட ஒரு சிறு குழுவையும் அமைக்கவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் பல்லாண்டுகளாகக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். அவர்களுள் இருவரையேனும் இக்குழுவில் சேர்த்தல் பெரிதும் பயன் தரும்.

4. பொதுவான வங்கிக் கணக்கு. தனி ஒருவரின் கைபேசி எண்ணுக்கோ, சொந்தக் கணக்கிற்கோ பணம் அனுப்பச் சொல்லுதல் கூடாது. பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்க இயலாத கணக்கே உகந்தது.

5. இலக்கும் கெடுவும். எவ்வளவு தேவை, எந்நாளுக்குள் தேவை, இலக்கை எட்டாவிட்டால் பணம் என்னவாகும், மிகுந்தால் எதற்குச் செலவாகும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடவேண்டும்.

6. கணக்கை வெளியிடுதல். வரவையும் செலவையும் வாரந்தோறும் ரசீதுகளுடன் இணையக் குழுவில் வெளியிடுக. அதையே ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுக. 50 ரூபாய் கொடுத்தவரின் பெயரும் 50,000 ரூபாய் கொடுத்தவரின் பெயரும் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். காரியம் முடிந்ததும் அடுத்த கிராம சபையில் முழுக் கணக்கையும் படித்துக் காட்டவேண்டும்.

சட்டம் கூறுவது

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பற்றி ஊராரிடையே தெளிவின்மை மிகுதியாக உள்ளது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இதனை நெறிப்படுத்துகின்றது. இந்தியக் குடியுரிமையை உடைய ஒருவர் அயல்நாட்டில் பணிபுரிந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கியின் வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவரே அயல்நாட்டுக் குடியுரிமையை ஏற்றுவிட்டவராயின், அவர் நம் ஊரில் பிறந்தவராயினும், அவர் அளிப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகும். அதைப் பெறும் சங்கம் அச்சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்கவேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அத்தகைய பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே முதலில் வந்து சேரவேண்டும். ஆகவே, “எங்கள் ஊர்ப் பிள்ளைதானே” என்று எண்ணிப் பணத்தை ஏற்றுக்கொள்ளுமுன், அனுப்புபவரின் குடியுரிமையைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

மற்றொன்றையும் கூறவேண்டும். திரள்நிதி என்பது நன்கொடை. “போடும் பணத்திற்கு வட்டி தருவோம், இரட்டிப்பாக்கித் தருவோம்” என்று எவரேனும் இணையத்தில் கூறினால், அது திரள்நிதி அன்று. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளது.

கொடுப்பவர் கவனத்திற்கு

நம் மக்கள் பெறுவோராக மட்டுமன்றிக் கொடுப்போராகவும் இருக்கின்றனர். துயரமான படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் வஞ்சகரும் இணையத்தில் உண்டு. கேட்பவர் யார், அவர் எந்த ஊரினர், அங்கு நமக்குத் தெரிந்தவர் எவரேனும் உண்டா என விசாரித்த பின்னரே கொடுத்தல் வேண்டும். கைபேசி வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடவேண்டிய தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. “உங்களுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ரகசிய எண்ணை அழுத்துங்கள்” என்று ஒருவர் சொன்னால், அவர் கொடுக்க வந்தவர் அல்லர், எடுக்க வந்தவர். ஏமாற்றத்திற்கு உள்ளானவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யவேண்டும்.

யாருடைய தேவை முதலில்?

திரள்நிதிக்கு ஒரு குறைபாடும் உண்டு. படத்தில் அழகாகத் தோன்றும் காரியத்திற்குப் பணம் விரைவில் சேரும். நீர் நிரம்பிய குளத்திற்கும், வண்ணம் பூசிய பள்ளிச் சுவருக்கும் கொடுப்பவர் பலர். ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து இடுகாட்டிற்குச் செல்லும் பாதைக்கோ, கழிவுநீர் வாய்க்காலுக்கோ இணையத்தில் கேட்பாரும் அரியர், கொடுப்பாரும் அரியர். பணம் வரும் வழியைப் பார்த்து ஊரின் தேவையை வரிசைப்படுத்தினால், வெளியூரில் உறவினர் இல்லாத ஏழையின் தேவை என்றும் கடைசியில்தான் நிற்கும். ஆகவே, எது முதலில் என்பதைத் தீர்மானிக்கவேண்டியது கிராம சபையே ஆகும்; கொடுப்பவர் அல்லர். அரசும் ஊராட்சியும் ஆற்றவேண்டிய கடமைகளுக்குத் திரள்நிதி ஒருபோதும் மாற்றாகாது. அவற்றோடு சேரும் துணையாகவே அதைக் கொள்ளவேண்டும்.

அத்துணை எவ்வாறு சேரும் என்பதற்கு நம் மாநிலத்தின் நமக்கு நாமே திட்டம் வழிகாட்டியது. 1997-98-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 2021-22-ஆம் ஆண்டில் மீண்டும் கொணரப்பட்ட அத்திட்டத்தில், மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் ஏற்க, எஞ்சியதை அரசு அளிக்கும் என வகுக்கப்பட்டது. மூன்று லட்சம் ரூபாய் மதிப்புள்ள காரியத்திற்கு ஊரார் ஒரு லட்சம் திரட்டினால், இரண்டு லட்சம் வந்து சேரும். இத்தகைய திட்டங்களுள் தம் ஊருக்கு எது பொருந்தும் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னர் திரள்நிதியைத் தொடங்குவது சாலச் சிறந்தது.

கட்டடமும் கரையும் மட்டுமே பொதுக் காரியங்கள் அல்ல. ஊரின் வரலாற்றை முதியோரிடம் கேட்டு நூலாக்குதல், தெருக்கூத்துக் கலைஞர்களின் ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்தல், நடவுப் பாடல்களைத் திரட்டுதல் ஆகியவையும் ஊரின் செல்வங்களே. இவற்றிற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. பத்துப் பேர் மாதந்தோறும் 100 ரூபாய் எடுத்து வைத்தால் ஓராண்டில் 12,000 ரூபாய் ஆகும். நடவுப் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டிகள் நம்மிடையே இருக்கும்போதே அத்தொகைக்கு வேலை உண்டு. இம்மாதமே அத்தகைய பதின்மர் குழு ஒன்றை ஒவ்வோர் ஊராட்சியிலும் அமைக்க முற்படுவோம். அமைக்கும் நாளன்றே கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தை ஊரார் முன்னிலையில் எழுதத் தொடங்குவோமாக.